வெள்ளன திற, வெயிலேற மூடு

காரைக்குடியில் இருந்து குன்றக்குடிக்குப் போகிற சாலையில், பாதி தூரத்தில் பிரியும் செம்மண் பாதையில் இருக்கிறது அந்த ஊர். காளான் பண்ணை வைத்திருக்கும் அக்கா, ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "எழுதினா மறுநாளே நாலு பேர் வாசல்ல வந்து நிப்பாக. அவுகளுக்குப் பதில் சொல்லவே பொழுது போயிரும் தம்பி." இன்னொரு நிபந்தனையும் போட்டார். எட்டு மணிக்கு மேல் வந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, வெள்ளன வந்துவிட வேண்டும்.

பங்குனிக் கடைசி. விடிவதற்கு முன்னாலேயே வெக்கை தொடங்கிவிடும் மாதம். நான் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. அக்கா கைபேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஓலைக் குடிலின் பக்கவாட்டில் தொங்கிய ஈரச் சாக்குகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி மேலே கட்டிக்கொண்டிருந்தார். "இந்த ரெண்டு மணி நேரம்தான் தம்பி நமக்கு. இப்ப வெளிக்காத்துல ஈரமும் இருக்கு, குளிர்ச்சியும் இருக்கு. இதை உள்ள வாங்கி அடைச்சுக்கணும்."

பண்ணை இருப்பது ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம். செட்டிநாட்டு வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, சமையல் கட்டு என்று நீண்டுகொண்டே போகும். இந்த வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை முன்னோர்களுக்கான படைப்புக்கு வந்து போவார்கள். மற்ற நாளெல்லாம் பெருக்கி, விளக்கேற்றி, பூட்டித் திறந்து பார்த்துக்கொள்வது அக்காவின் குடும்பம். அதற்கு ஈடாகப் பின்கட்டுச் சாமான் அறையையும், அதற்குப் பின்னால் அடுத்த தெரு வரை கிடக்கும் காலி இடத்தையும் புழங்கிக்கொள்ள விட்டிருக்கிறார்கள்.

சாக்கு வேலை முடிந்ததும் என்னை முகப்பு வழியாகத்தான் அழைத்துப் போனார். வீட்டைப் பார்க்காமல் குடிலைப் பார்த்தால் புரியாது என்பது அவர் கணக்கு. முகப்பில் நின்றால் வாசற்கதவு, வளவுக் கதவு, அடுத்தடுத்த கட்டுகளின் கதவுகள், கடைசியில் கொல்லைக் கதவு என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரிகின்றன. அத்தனையையும் திறந்துவிட்டால் காற்று தடையில்லாமல் ஊடுருவும். நடுவில் வானம் பார்த்த முற்றம். இரவில் குளிர்ந்த காற்று கனத்து அந்த முற்றத்துக்குள் இறங்கும். அதைப் பகலிலும் இழந்துவிடாமல் தடித்த சுவர்களும், சுண்ணாம்புப் பூச்சும், அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடும், காலடியில் ஆத்தங்குடிக் கல்லும் பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏற ஏற, சூடான காற்று முற்றத்து வழியே மேலே போய்விடும். மின்விசிறி வருவதற்கு முன்பே இந்த ஊர்க்காரர்கள் கோடையைக் கடந்தது இப்படித்தான்.

இவ்வளவு குளுமையான வீடு இருக்கும்போது காளானை உள்ளேயே போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அக்காவும் அப்படித்தான் தொடங்கினார். குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காளான் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, முதல் வருஷம் சாமான் அறையில் வைக்கோல் அடைத்த சிப்பிக்காளான் படுக்கைகளைத் தொங்கவிட்டார். வெப்பநிலை பிரமாதம். வெளியே 36 டிகிரி இருந்தபோதும் உள்ளே 29-ஐத் தாண்டவில்லை. காளானும் வந்தது. ஆனால் தண்டு ஒரு சாண், தலை ஒரு ரூபாய்க் காசு அகலம். கடைக்காரர் அதை எடைபோடக்கூட மறுத்துவிட்டார்.

என்ன குறை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். காளான் செடியில்லை. அது வெயிலைத் தின்று பிராணவாயுவை வெளியே விடாது; நம்மைப்போல் பிராணவாயுவை இழுத்துக் கரியமில வாயுவை விடும். வெளிக்காற்றில் இப்போது பத்து லட்சத்துக்கு சுமார் 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. அடைத்த அறைக்குள் அது ஆயிரத்தைத் தாண்டும்போதே சிப்பிக்காளானின் உருவம் மாறத் தொடங்கும். தலை விரியாது. நல்ல காற்று இருக்கும் இடத்தை எட்டிவிடப் பார்ப்பதுபோல் தண்டு மட்டும் நீளும். விலை கொடுத்துக் கருவி வாங்கி அளக்கிறவர்கள் அளக்கலாம். அக்கா தண்டையும் தலையையும் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

சரி, ஜன்னலைத் திறந்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். காளானின் உடம்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நம் தோலைப்போல ஈரம் காக்கும் மேல்தோல் அதற்கு இல்லை. மொட்டு வந்து விரியும் நாட்களில் காற்றின் ஈரப்பதம் 80 முதல் 90 சதவீதம் இருந்தாக வேண்டும். பங்குனி, சித்திரை நடுப்பகலில் சிவகங்கைச் சீமையின் காற்றில் அதில் பாதிகூட இருப்பதில்லை. அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் கெட்ட காற்றோடு ஈரமும் சேர்ந்து போய்விடும். மொட்டுகள் ஒரே மதியத்தில் பழுப்பேறிக் காய்ந்து நிற்கும். திறக்காவிட்டால் மூச்சு முட்டும். குளிர்ச்சிக்காகக் கட்டிய செட்டிநாட்டு வீடு, மனிதர்களுக்காக உலர்ந்திருக்கவும் கட்டியது. காளானுக்கு வேண்டியது குளிர்ச்சியும் ஈரமும் காற்றும், மூன்றும் ஒரே நேரத்தில். வெப்பநிலையை மட்டும் பார்த்து அறை அமைப்பவர்கள் தோற்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தெர்மாமீட்டர் எல்லாரிடமும் இருக்கிறது, அது காட்டாத இரண்டைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சாமான் அறையை அக்கா கைவிடவில்லை, வேலையை மாற்றிவிட்டார். இப்போது அது இருட்டு ரூம். வித்துப் போட்ட படுக்கைகள் முதல் பதினைந்து, இருபது நாட்கள் இருக்கும் இடம். வைக்கோலுக்குள் வெள்ளை இழைகள் பரவும் அந்தக் கட்டத்தில் காளானுக்கு வெளிச்சம் வேண்டாம், காற்றோட்டமும் பெரிதாக வேண்டாம். சொல்லப்போனால், மொட்டு விடும் கட்டத்தில் கெடுதல் செய்கிற கரியமில வாயு, இழை பரவும் கட்டத்தில் தொந்தரவே இல்லை. தடித்த சுவரும் சின்ன ஜன்னலும் இதற்கு அப்படியே பொருந்திவிட்டன. அதுமட்டுமல்ல, சுவரில் புதுச் சுண்ணாம்பு. காளானோடு போட்டி போடும் பச்சைப் பூசணத்துக்குப் புளிப்புத்தன்மை பிடிக்கும், சுண்ணாம்பின் காரம் ஆகாது. வருடத்துக்கு இரண்டு முறை வெள்ளையடிக்கிறார்.

உள்ளே நுழைந்ததும் கண் பழக ஒரு நிமிடம் ஆனது. உத்தரத்தில் இருந்து உறி உறியாகப் பாலித்தீன் உருளைகள். ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு. ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, கொதிநீரில் வேகவைத்து, ஈரம் அறுபது, அறுபத்தைந்து சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்திய நெல் வைக்கோல் அவற்றுள். அந்த ஈரத்துக்கும் கருவி கிடையாது. ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கையை விரித்தால் உள்ளங்கை நனைந்திருக்க வேண்டும்.

அறைச் சுவரில் ஆணியில் ஒரு வெப்பமானி. 28 டிகிரி. அதை நான் குறித்துக்கொண்டபோது அக்கா சிரித்தார். "அது ரூம்போட சூடு. காளான் ரூம்லயா இருக்கு?" நீளமான உலோக ஊசி உள்ள இன்னொரு வெப்பமானியை எடுத்து ஒரு படுக்கையின் வயிற்றில் குத்தினார். மெதுவாக ஏறி 31-க்கு மேல் போய் நின்றது. வைக்கோலைத் தின்று வளரும் இழைகள் சும்மா இருப்பதில்லை, சூட்டையும் உண்டாக்குகின்றன. படுக்கையின் நடுப்பகுதி அறையைவிட இரண்டு, மூன்று டிகிரி கூடுதலாகத்தான் எப்போதும் இருக்கும். இது தெரியாமல் அறையில் 33 டிகிரி இருக்கிறது, தாங்கும் என்று விட்டால் உள்ளே இழை வெந்துவிடும். வெளியில் இருந்து பார்க்கையில் படுக்கை மஞ்சளடித்துப் புளித்த வாடை வீசும்போதுதான் தெரியும்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வாடகை இல்லாத அறைதானே என்று நெருக்கமாகத் தொங்கவிட்டால் ஒரு படுக்கையின் சூடு அடுத்ததைச் சூடாக்கும், அது அதற்கடுத்ததை. நடுவில் தொங்குபவை முதலில் கெடும். அதனால் உறிக்கும் உறிக்கும் இடையே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகும் அளவு இடைவெளி. கோடை நெருங்கும்போது எண்ணிக்கையைக் குறைத்து, நான்கு அடுக்கை மூன்றாக்கிவிடுகிறார். மேலே தொங்குவதைத்தான் எடுக்கிறார். சூடு மேலேதான் தேங்கும்.

இருட்டு ரூமை விட்டு வெளியே வந்து ஓலைக் குடிலுக்குள் போனோம். கிட்டத்தட்ட ஆறரை மணி. பனையோலைக் கூரை, அதன் உட்புறம் வெள்ளைப் பாலித்தீன் தாள். தரையில் ஒரு சாண் உயரத்துக்கு ஆற்று மணல், நனைத்து நனைத்துக் கறுத்திருந்தது. சுவர் இடுப்பளவு; அதற்கு மேல் கூரை வரை சாக்கு. சாக்குக்கு உட்புறம் ஈ புகாத நெருக்கமான நைலான் வலை. காளான் ஈ கண்ணுக்கு லேசில் தெரியாத அளவு சின்னது. கொசுவலைக் கண்ணில் சுலபமாக நுழைந்துவிடும். அது இடும் முட்டையில் வரும் புழு இழையையும் மொட்டையும் தின்னும். காற்றை விட வேண்டும், ஈயை விடக் கூடாது. வலையின் கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றும் குறையும் என்பதால், வலை போட்ட இடத்தில் திறப்பைப் பெரிதாக வைக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியில் யாரும் சொல்லாமலே பட்டுத் தெரிந்துகொண்டது என்றார்.

சுவரில் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் வரிசையாகச் சதுர ஓட்டைகள். எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி அதேபோல் ஓட்டைகள். விடியற்காலையில் இரண்டையும் திறந்தால் கீழே குளிர்ந்த காற்று நுழையும், படுக்கைகள் விட்ட மூச்சையும் சூட்டையும் தள்ளிக்கொண்டு மேல் வழியே வெளியேறும். பெரும்பாலும் மின்விசிறியே தேவைப்படுவதில்லை. காற்று அடியோடு அசையாத நாட்களுக்கு ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருக்கிறார். அதையும் நேரம் போட்டுத்தான் ஓட்டுகிறார், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம். தொடர்ந்து ஓடவிட்டால் ஃபேனுக்கு எதிரில் தொங்கும் படுக்கைகள் மட்டும் ஒரு பக்கம் காய்ந்து போகின்றன.

படுக்கைகளில் நல்ல விளைச்சல் தெரிந்தது. பாலித்தீனைக் கிழித்த மூன்றாம் நாள் மொட்டு தலைகாட்டும். அன்று கொத்துக் கொத்தாக விரிந்து நின்றவை அறுவடைக்குத் தயார். தலை அகலம், தண்டு குட்டை. வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். உள்ளே நின்று தினத்தந்தி வாசிக்க முடிந்தால் போதும் என்றார். ஒரு கொத்தில் மட்டும் தலைகளின் மேல் வெளிறிய பழுப்புப் புள்ளிகள். தண்ணீர் தெளித்த பிறகு அந்தத் தண்ணீர் காளானின் தலையிலேயே நெடுநேரம் நின்றால் பாக்டீரியா பிடித்து வரும் புள்ளி அது. தெளித்த தண்ணீர் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தலையில் இருந்து உலர்ந்துவிட வேண்டும், ஆனால் காற்றில் ஈரம் இருக்க வேண்டும். அதனால்தான் படுக்கைமேல் தெளிப்பதைவிட மணலையும் சாக்கையும் சுவரையும் நனைப்பதையே அவர் அதிகம் செய்கிறார்.

அறுவடை செய்யத் தொடங்கும் முன் அக்கா முகத்தில் துணியை இறுக்கிக் கட்டினார். எனக்கும் ஒன்று கொடுத்தார். கைபேசி விளக்கைக் குறுக்கே பிடித்தபோது ஏன் என்று தெரிந்தது. காற்றில் புகைபோல வெள்ளைத் தூள் மிதந்துகொண்டிருந்தது. முற்றிய சிப்பிக்காளான் உதிர்க்கும் வித்துத்தூள். இதைத் தினமும் சுவாசிப்பவர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வருவது மருத்துவ நூல்களில் பதிவான ஒன்று. காற்றோட்டம் காளானுக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓரம் மேல்நோக்கிச் சுருளும் வரை விடாமல், தலை முழுதும் விரிவதற்குச் சற்று முன்பே பறித்துவிட்டால் தூளும் குறைவு, காளானும் கடையில் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும்.

ஏழரைக்குள் அறுவடை முடிந்தது. துளையிட்ட பைகளில் எடைபோட்டுக் கட்டி, காரைக்குடி உணவகம் ஒன்றுக்கும் கடைகளுக்கும் மகன் மோட்டார் சைக்கிளில் எடுத்துப் போனான். மிளகு போட்டு வறுப்பதற்கு இங்கே நல்ல கிராக்கி. எட்டு மணி ஆவதற்குள் சாக்குகள் எல்லாம் இறங்கிவிட்டன, ஓட்டைகளில் முக்கால்வாசி அடைபட்டுவிட்டன, மணலும் சாக்கும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன. குடில் மூடிக்கொண்டது. இனி மாலை வரை தெளிப்பு மட்டும்தான்.

கொல்லை மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. மஞ்சள் பூசி, பால் ஊற்றிய தடம் தெரிந்தது. "நாகம்மா இருக்கா, கிட்ட போகாதீக" என்றார். நாகம் இருக்கிறதோ இல்லையோ, உள்ளே ஒரு காளான் பண்ணை இருக்கிறது. நம் பக்கத்தில் புற்றுக் கட்டும் இந்தக் கறையான் இனம், தின்ற மரத்தூளைக் கொண்டு உள்ளே அறை அமைத்து அதில் பூசணம் வளர்த்து உண்கிறது. மழைக்குப் பிறகு புற்றில் முளைத்து, ஊரில் பறித்துச் சமைக்கும் புற்றுக்காளான் அந்தப் பூசணத்தின் வெளித்தலைதான். 2015-ல் ஹண்டர் கிங், சாமுவேல் ஒக்கோ, மகாதேவன் ஆகிய மூவர் பெங்களூரில் உள்ள புற்றுகளுக்குள் நுண்ணிய கருவிகளைச் செருகிக் காற்றோட்டத்தை அளந்து வெளியிட்டார்கள். வெளிப்புறம் துருத்திக்கொண்டிருக்கும் மெல்லிய மடிப்புகள் பகலில் சீக்கிரம் சூடாகும். நடுவில் உள்ள தடித்த குழல் தாமதமாகச் சூடாகும். அதனால் பகலில் மடிப்புகள் வழியே காற்று ஏறி நடுவே இறங்கும். இரவில் மடிப்புகள் முதலில் குளிர, சுழற்சி அப்படியே திரும்பும். பகலெல்லாம் உள்ளே சேரும் கரியமில வாயுவை இரவின் ஓட்டம் வெளியேற்றிவிடும். புற்றுக்கு மேலே திறந்த வாய் கிடையாது. நுண்துளையுள்ள மண் சுவர் வழியாகவே வாயு மாறிக்கொள்கிறது. ஈரம் வெளியே ஓடாமல் மூச்சு மட்டும் மாற்றுகிற வித்தை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் மின்சாரம்.

இதை அக்காவிடம் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. "அப்ப அதுவும் வெள்ளனதான் தொறக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

பத்து மணிக்கு மேல் குடிலுக்குள் வெப்பநிலை ஏறத் தொடங்கியது. இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்றின் குமிழில் நனைந்த பஞ்சுத்திரி. திரியில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஈரப்பதத்தைக் கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூடத்துச் சாமான்தான். ஆனால் இந்தத் தொழிலில் அது சொல்லும் இன்னொரு செய்தி இருக்கிறது. தண்ணீரை ஆவியாக்கி மட்டுமே குளிர்விக்கும் எந்த ஏற்பாடும், சாக்கோ மணலோ பனிபோலத் தெளிக்கும் ஃபாகரோ, அந்த நனைந்த குமிழ் காட்டும் அளவுக்குக் கீழே போக முடியாது. வெளியே 39 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சித்திரை மதியத்தில் அந்த அடிமட்டம் ஏறத்தாழ 28 டிகிரி. அதுவும் முழுக்க எட்ட முடிந்தால். ஓலைக் குடிலில் நிஜத்தில் கிடைப்பது முப்பதுக்குச் சற்று மேல். சிப்பிக்காளான் செழிப்பாக வருவது 20 முதல் 28 டிகிரிக்குள். ஆக, அக்னி நட்சத்திரத்தில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் இந்த மண்ணில் சிப்பிக்காளானுக்கு வழி இல்லை. ஆவியாதலின் எல்லை அது, உழைப்பின் குறை கிடையாது. இதைப் புரிந்துகொண்டவர்கள் மாசியோடு சிப்பியைக் குறைத்துப் பங்குனியில் முடித்துக்கொள்கிறார்கள். புரியாதவர்கள் சித்திரையில் கடன் வாங்கி ஃபாகர் போடுகிறார்கள்.

சித்திரைக்கு என்ன செய்வது? அதற்கு விடை பக்கத்து மாவட்டத்தில் இருந்தே வந்தது. அருப்புக்கோட்டையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. இந்தக் காளான் இனத்தை 1974-ல் முதலில் விவரித்தது வங்காளத்தில். வணிகமாக விளைவித்துக் காட்டியது கரிசல் காட்டில். 30 முதல் 35 டிகிரிதான் அதற்கு இதமான சூடு. சிப்பிக்குக் காய்ச்சல் வரும் வெக்கையில் இது தலைநிமிர்ந்து வளரும்.

மூன்றாவது அறை அதற்கானது. அறை என்பதைவிடப் பள்ளம். தரையை மூன்றடி தோண்டி, பக்கச் சுவர்களைச் செம்புறாங்கல்லால் கட்டி, மேலே வளைவாக நீல நிறப் பாலித்தீன் கூரை. அதன் மேல் பாதியளவு நிழல்வலை. இறங்கும்போது முகத்தில் வெதுவெதுப்பான ஈரக்காற்று அறைந்தது. கண்ணாடி உடனே பனித்துவிட்டது. 32 டிகிரி. நீலக் கூரையால் எல்லாரும் வியாதி வந்தவர்கள்போலத் தெரிந்தோம். பால் காளானுக்குச் சிப்பியைவிட வெளிச்சம் கூடுதலாக வேண்டும், வெயில் நேராக விழக் கூடாது. பூமிக்குள் இறங்கியிருப்பதால் பகல் சூடும் இரவுக் குளிரும் தணிந்தே வருகின்றன. செம்புறாங்கல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இந்தக் கல்லால்தான் இங்கே பழைய வீடுகளின் அடித்தளமும் ஊருணிப் படிகளும் கட்டியிருக்கிறார்கள்.

இழை பரவிய உருளையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தின் மேல் வேகவைத்த மண்ணை ஒரு விரல்கடை பரப்பியிருந்தார்கள். மண்ணில் கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து காரத்தன்மையை (pH) எட்டு, எட்டரைக்குக் கொண்டுவருகிறார்கள். பச்சைப் பூசணத்தை அடக்க அதே சுண்ணாம்பு யோசனைதான். எட்டு, பத்து நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு மொட்டுகள் ஊசிமுனைபோல் வருகின்றன. அந்த நேரத்தில்தான் காற்று முக்கியம். பள்ளமாக இருப்பதால் கெட்ட காற்று தானாக வெளியேறாது. அக்கா இதற்காகத் தரையளவில் தொடங்கி கூரைக்கு மேல் வரை போகும் இரண்டு பி.வி.சி. குழாய்களை நட்டிருக்கிறார். ஒன்றின் வாயில் கறுப்பு வண்ணம் பூசிய தகரக் குழல். வெயிலில் அது சூடாக, உள்ளே காற்று மேலே இழுபடுகிறது. பள்ளத்தின் அடிக்காற்று அதன் வழியே போகிறது. புதுக்காற்று எதிர்ப்பக்கத்து ஈரச்சாக்கைக் கடந்து வருகிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, பக்கத்து ஊர் செங்கல் சூளைக்காரரைக் கைகாட்டினார்.

பால் காளானில் அவருக்குப் பிடித்த இன்னொன்று, பறித்த பிறகு அது தாங்குவது. சிப்பி ஒரே நாளில் தண்ணீர் விட்டுத் தளரும். இது வெளியிலேயே மூன்று நாள் கல்லுபோல் இருக்கும். சந்தைக்கும் அவசரமில்லை.

மழைக்காலத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றே நனைந்திருக்கும். தெளிப்பை நிறுத்திவிட்டுச் சாக்கை எடுத்துவிட்டால் வேலை பாதி. ஈதான் கூடும். அவரை அலைக்கழிப்பது ஆடி. மேற்கில் இருந்து வீசும் வறண்ட காற்று ஓலைக் குடிலின் ஒரு பக்கத்தை உலர்த்தி எடுத்துவிடும். அந்த மாதத்தில் மேற்குப்பக்க ஓட்டைகளை முழுக்க அடைத்து, கிழக்கை மட்டும் திறக்கிறார்.

மாலை நான்கரைக்கு வெயில் சாய்ந்ததும் மறுபடி சாக்குகள் மேலே ஏறின. அப்போது ஏசியைப் பற்றிக் கேட்டேன். வருடம் முழுக்க சிப்பி போடலாமே? ஊரில் ஒருவர் தன் மாடி அறையில் வீட்டு ஏசியைப் போட்டு அதைத்தான் முயன்றாராம். 24 டிகிரி நின்றது, படுக்கைகள் காய்ந்தன. வீட்டு ஏசி காற்றைக் குளிர்விக்கும்போதே அதன் ஈரத்தையும் பிழிந்து குழாய் வழியே வெளியே சொட்டவிடுகிறது. உள்ளே இருக்கும் அதே காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, கரியமில வாயு அங்கேயே நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு கெடுதல். சமவெளியில் மொட்டுக்காளான் விளைவிக்கும் பெரிய ஆலைகள் 14 முதல் 18 டிகிரியில் காளான் எடுப்பதற்கு வெப்பம் புகாத பலகைகளால் அறை கட்டி, குளிரூட்டலைத் தனியாக, ஈரமூட்டலைத் தனியாக, வெளிக்காற்றைக் கலக்கும் ஏற்பாட்டைத் தனியாகச் செய்கின்றன. அது வேறு முதலீடு, வேறு மின்கட்டணம். இந்தப் பின்கட்டுக்கு அது தேவையும் இல்லை. ஆறு மாதம் சிப்பி, மீதி பால் என்று பயிரை மாற்றுவது எந்தக் குளிர்சாதனத்தையும்விட மலிவு என்பதே என் அபிப்பிராயம். வருடம் பூராவும் ஒரே காளான் கேட்கும் உணவகங்கள் இதற்கு ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் வந்துவிட்டார். சிப்பிக்கு இன்னொரு குடில் போட அளவெடுக்க வந்தவர். வீட்டுச் சுவருக்கு இணையாக வடக்கு தெற்காக நீட்டிவிடலாம், இடம் மிச்சமாகும் என்றார் அவர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கிழக்கு மேற்காக நீண்டால் காலை, மாலை வெயில் குறுகிய முகங்களில் மட்டும் படும், நீண்ட சுவர் நிழலில் இருக்கும். "ரெண்டடி இடம் போனாப் போகுது அண்ணே. மேக்கால மட்டும் ஓட்டை வேணாம். வடக்கால ஒரு சாண் உசரத்துல எட்டு ஓட்டை விடுங்க, தெக்கால கூரையை ஒட்டி எட்டு." கொத்தனார் செங்கல்லுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தார். ஓட்டைக்குப் போகிற செங்கல்லைக் கூலியில் கழிப்பீர்களா என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.